தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கேமிங் லேப்டாப்

என் மகள் பிறந்து மூன்றாவது வாரம் இந்த லேப்டாப் வீட்டுக்கு வந்தது. பணம் கட்டியது அவள் பிறப்பதற்கு முன்பு என்பதால் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே அறையில் ஒரு பக்கம் தொட்டில், மறுபக்கம் என் மேசை, நடுவில் நான்கு முழ இடைவெளி. விளையாட எனக்குக் கிடைப்பதோ இரவு பத்து மணிக்கு மேல்தான். ஆகவே பதினான்கு மாதங்களாக இந்தக் கணினியைக் கண்ணைவிடக் காதால்தான் அதிகம் சோதித்திருக்கிறேன்.

15.6 அங்குலத் திரை, 165 ஹெர்ட்ஸ், இன்டெல் கோர் ஐ7-13650எச்எக்ஸ் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். திரை, விசைப்பலகை இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. விவகாரம் எல்லாம் அடிப்பாகத்தில் இருக்கும் இரண்டு விசிறிகளில்.

முதல் வாரம் முழு வேக நிலையில், பெரிய திறந்தவெளி விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ப்ராசஸர் 97 டிகிரி, கிராபிக்ஸ் 83 டிகிரி, விசிறிகள் நிமிடத்துக்கு 5,200 சுற்று. என் காது இருக்கும் இடத்தில் கைப்பேசிச் செயலி 52 டெசிபல் காட்டியது. கைப்பேசியின் அளவை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அதே கைப்பேசியால் பிறகு எடுத்த அளவோடு ஒப்பிட மட்டும் அது போதும். 97 என்றதும் பதற வேண்டியதில்லை. இந்த ப்ராசஸரின் உச்ச வரம்பு 100 டிகிரி; அதை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துவிடாது. மேசையைவிட்டு எழுந்து ஓட வைப்பது வெப்பமல்ல, சத்தம்.

அந்தச் சத்தத்திலும் ஒரு வேடிக்கை இருந்தது. 52 டெசிபலில் இரண்டு விசிறிகளும் இரைந்துகொண்டிருக்க, மகள் அசையாமல் தூங்கினாள். விளையாட்டை மூடினேன். விசிறிகள் அடங்கின. பத்து விநாடியில் வீறிட்டு அழுகை. இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் புத்திசாலித்தனமாக நடுத்தர நிலைக்கு மாற்றினேன். நிலைமை இன்னும் மோசமானது. நடுத்தர நிலையில் சராசரிச் சத்தம் குறைவுதான். ஆனால் விசிறி ஓரிடத்தில் நிற்பதில்லை. விளையாட்டில் கூட்டமான தெருவுக்குள் நுழைந்தால் ப்ராசஸர் ஒரு விநாடிக்கு 95-ஐத் தொடும், விசிறி உடனே ஓலமிடும், இருபது விநாடியில் சூடு இறங்க, விசிறியும் இறங்கும், மறுபடி ஏறும். ஒரே சீரான இரைச்சலைக் காது மறந்துவிடுகிறது. ஏறி இறங்குவதைத்தான் மறக்க முடிவதில்லை. கைக்குழந்தைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

என் கோபம் கணினியைவிட அதனோடு வரும் மென்பொருள் மீதுதான். எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்று விசிறிக்கு நாமே வரையறுக்கும் வசதி அதில் உண்டு. ஆனால் அது முழு வேக நிலையில் மட்டுமே திறக்கும். அதாவது ப்ராசஸருக்கு மின்சாரத்தை வாரிக் கொடுத்துக் கொதிக்கவிட்ட பிறகுதான் விசிறியைத் தொட அனுமதி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, என் வீட்டில் அது உவமையாகக்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் முழு வேக நிலையிலேயே இருந்துகொண்டு, உள்ளே உண்டாகும் சூட்டைக் குறைக்க இறங்கினேன். முதலில் கைவைத்தது ஃபிரேம் எண்ணிக்கையில், அதாவது திரைப்படத்தை விநாடிக்கு எத்தனை முறை புதிதாக வரைகிறது என்பதில். என்விடியாவின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் விநாடிக்கு 80 ஃபிரேம் என உச்சவரம்பு போட்டேன். இதில் பெரிய ஆச்சரியம் விளையாட்டுக்குள் கிடைக்கவில்லை, மெனுவில் கிடைத்தது. வரம்பு இல்லாதபோது, ஒன்றுமே அசையாத மெனு பக்கத்தை இந்தக் கணினி விநாடிக்கு நானூறு தடவைக்கு மேல் வரைந்து தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்திலெல்லாம் விசிறி அலறியதன் காரணம் அதுதான். கூடவே கேட்ட கீச்சென்ற மின்சுருள் ஒலியும் வரம்பு போட்டதும் நின்றது.

அடுத்து ப்ராசஸர். விண்டோஸ் மின்திட்டத்தில் அதன் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால், வேலை கூடும்போது ப்ராசஸர் தானே ஏற்றிக்கொள்ளும் டர்போ வேகம் அணைந்துவிடும் என்பது பழைய வைத்தியம். செய்தேன். வெப்பம் எழுபதுக்குள் வந்தது. ஆனால் முதன்மைக் கோர்கள் 2.6 கிகாஹெர்ட்ஸில் முடங்கி, கூட்டமான தெருக்களில் ஃபிரேம் அறுபதுக்குக் கீழே விழுந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. அதை எடுத்துவிட்டு, த்ராட்டில்ஸ்டாப் என்ற சிறு மென்பொருளில், ப்ராசஸர் இழுக்கும் நீண்டநேர மின்வரம்பை 45 வாட்டாகவும், குறுநேர வரம்பை 60 வாட்டாகவும் வைத்தேன். விளையாட்டில் வித்தியாசம் தெரியவில்லை. ப்ராசஸரின் மின்னழுத்தத்தையும் குறைத்திருக்கலாம், ஆனால் இதில் அந்தக் கதவு பூட்டப்பட்டிருக்கிறது. 2019-இல், மின்னழுத்தத்தைக் குறைத்தே தாக்க வழிவிடும் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதிலிருந்து பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு உண்டு.

கிராபிக்ஸ் சிப்புக்கு அந்தப் பூட்டு இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில், எந்த மின்னழுத்தத்தில் எந்த வேகம் என்று காட்டும் வளைகோட்டைத் திறந்து, 875 மில்லிவோல்ட்டில் 2,310 மெகாஹெர்ட்ஸ் என நிறுத்தினேன். ஒரு வாரம் அங்குமிங்கும் நகர்த்தி, இரண்டு முறை விளையாட்டு முடங்கி, கடைசியில் அமைந்த எண் இது. ஒரே மாதிரிக் கணினி வைத்திருப்பவருக்கும் இதே எண் பொருந்த வேண்டும் என்பதில்லை. பெட்டியில் 140 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், 105-ஐத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. இப்போது எழுபது வாட்டை ஒட்டி நிற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் விசிறியைத் தொட்டேன்: எந்த வெப்பமானாலும் 3,400 சுற்று, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. விசிறி தள்ளும் காற்று, அது சுழலும் வேகத்துக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். சத்தமோ ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் கூடும். எனவே 5,200-இலிருந்து 3,400-க்கு இறங்கினால் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு, சத்தத்தில் ஒன்பது டெசிபல் லாபம். என் கைப்பேசி 43 காட்டியது. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும் என்பார்கள். ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. ப்ராசஸர் 79, கிராபிக்ஸ் 74. விளையாடி முடித்தாலும் விசிறியைச் சட்டென நிறுத்துவதில்லை. 3,400-லிருந்து படிப்படியாக இறக்கிவிட்டு, பிறகுதான் மூடுகிறேன்.

கூலிங் பேட் ஒன்றும் வாங்கினேன். அடியில் விளக்கெல்லாம் எரியும் ரகம். இரண்டு டிகிரி குறைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு புதிய சத்தத்தைச் சேர்த்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தின் இரு மூலைகளுக்கும் அடியில் பாட்டில் மூடிகளை வைத்து உயர்த்தியதில் நான்கு டிகிரி குறைந்தது. காற்றை உறிஞ்சும் துளைகள் அடிப்பாகத்தில் இருக்கும்போது மேசையோடு ஒட்டிக்கிடந்தால் அது எப்படி மூச்சுவிடும்?

பதினோராம் மாதத்தில் அதே அமைப்பிலேயே ஆறு டிகிரி ஏறியது. பத்துத் திருகுகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்தால், வெப்பம் வெளியேறும் செப்புத் தகடுகளுக்கு முன்னால் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருந்தது. விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்தேன்; பிடிக்காமல் அடித்தால் இதழ்கள் வரம்பு மீறிச் சுழன்று பழுதாகும். கையோடு, சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளை ஒட்டினேன். 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவும் பொருள் இது. சூடு ஏறி இறங்கும்போது பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவதைப் போல இது ஒதுங்குவதில்லை. ஏறிய ஆறும் இறங்கியது, கூடுதலாக மூன்றும் இறங்கியது. திறந்து மூட நாற்பது நிமிடம். அடிமூடியின் கொக்கி ஒன்று உடைந்தது; அது என் அவசரம், அவர்கள் தவறில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. விசைப்பலகைக்கு மேலே இருக்கும் பட்டை, விளையாடும்போது விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. சாவிகள் சுடுவதில்லை, அதனால் எனக்குத் தொந்தரவில்லை. ஆனால் மகள் இப்போது நடக்கிறாள். சத்தத்தைப் பற்றி அவளுக்கு இப்போது எந்தப் புகாரும் இல்லை. பின்பக்கத் துளைகளிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றுதான் அவளைச் சுண்டி இழுக்கிறது. கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். மேசையைத் திருப்பிப் போட்டு, கணினியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி, காற்றுப்போக ஒரு சாண் இடைவெளிவிட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சாண் இடைவெளிக்குள் நுழையும் வழியை அவள் தேடிக்கொண்டிருக்கிறாள்.