பிராக் போகிறீர்களா? காசு மாற்றும் கடையில் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

அலுவலக வேலையாக இரண்டு வாரம் செக் குடியரசின் தலைநகர் பிராகில் இருந்துவிட்டு வந்தேன். போய் இறங்கிய அன்று மாலையே 300 யூரோவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் பறிகொடுத்தேன். பளிச்சென்று விளக்குப் போட்ட கடையில், கையெழுத்து வாங்கி, ரசீதும் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தை அன்றைக்கே திரும்ப வாங்கியிருக்கலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் போனதுதான் இன்னும் மனசு ஆறவில்லை. வேலைக்காக அங்கே போகிற யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

செக் நாடு 2004இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது, ஆனால் பணம் இன்னும் கொருனாதான். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலில் பையை வைத்துவிட்டு, கையில் கொஞ்சம் உள்ளூர்ப் பணம் இருக்கட்டுமே என்று பழைய நகரச் சதுக்கம் பக்கம் நடந்தேன். வானியல் கடிகாரத்தைப் பார்க்க நிற்கிற கூட்டத்தைத் தாண்டி, சார்லஸ் பாலத்துக்குப் போகிற சந்துகளில் நுழைந்தால் வரிசையாகக் காசு மாற்றும் கடைகள். ஒன்றில் ‘கமிஷன் 0%’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பலகையில் யூரோவுக்கு நேராக 25 சொச்சம் என்று ஓர் எண்ணைப் பார்த்தேன், சந்தை விலையும் அப்போது சுமார் 25 கொருனாதான், சரி நியாயமான கடை என்று 300 யூரோவை நீட்டிவிட்டேன்.

நான் பார்த்த எண், அவர்கள் யூரோவை நமக்கு விற்கிற விலை. நம்மிடமிருந்து வாங்குகிற விலை பக்கத்து வரிசையில் 17 என்று இருந்திருக்கிறது. 7,500 கொருனா வர வேண்டிய இடத்தில் 5,100 வந்தது. கமிஷன் வாங்கவில்லை என்பது உண்மைதான், அதற்கு அவசியமே இல்லையே, விலையிலேயே 2,400 கொருனாவை எடுத்தாகிவிட்டது!

நாலு கடை தள்ளிப் போய் எண்ணிப் பார்த்ததும் திக்கென்றது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பி ஓடினேன். பணத்தை அப்படியே தருகிறேன், என் யூரோவைக் கொடுங்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ரசீதில் நான் போட்ட கையெழுத்தைக் காட்டி, முடிந்தது முடிந்ததுதான், ரத்து செய்ய முடியாது என்றார். கையெழுத்துப் போட்டது நான்தானே என்று நானும் வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது அங்கத்திய சக ஊழியரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, “எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?” 2019 ஏப்ரல் 1 முதல் அங்கே ஒரு விதி இருக்கிறதாம். 1,000 யூரோ வரைக்குமான தொகையை மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் ரத்து செய்யலாம், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும். என்னை மாதிரி எத்தனையோ பேர் ஏமாந்த பிறகுதான் அந்தச் சட்டமே வந்திருக்கிறது. நான் பத்தாவது நிமிடத்தில் போய் நின்றவன். அந்தப் பெண்ணுக்கு விதி தெரியாமல் இருக்காது, எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஊழியர் சொல்லித்தான் இன்னொன்றும் புரிந்தது. அன்று மாலை அந்தச் சந்திலேயே ஒருவர் அருகில் வந்து, கடையைவிட நல்ல விலை தருகிறேன் என்று கூப்பிட்டிருந்தார், நல்லவேளை நான் நிற்கவில்லை. தெருவில் இப்படி மாற்றுகிறவர்கள் கொருனா என்று சொல்லி, செல்லாத பழைய பெலாரஸ் ரூபிளையோ பல்கேரிய லெவ்வையோ கையில் திணித்துவிடுவார்களாம். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு எந்த நோட்டில் யார் படம் இருக்கும் என்று எப்படித் தெரியும்?

உண்மையில் எனக்கு அவ்வளவு ரொக்கம் தேவைப்படவே இல்லை. டிராமுக்குள்ளேயே அட்டையைத் தொட்டு டிக்கெட் எடுக்கிற இயந்திரம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளிலும் பெரும்பாலும் அட்டைதான். ரொக்கம் வேண்டுமென்றால் வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள், ஆனால் திரையில் “உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா” என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லி கொருனாவிலேயே கணக்கிட வையுங்கள். ஒப்புக்கொண்டால் அந்த இயந்திரக்காரர் வைக்கிற விலைதான், பெரும்பாலும் அது நம் வங்கி விலையைவிட மோசமாகவே இருக்கும். கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், அதே பதில்தான்.

சதுக்கத்தில் நெருப்பில் சுட்டுத் தொங்கவிட்டிருக்கிற பன்றித் தொடைக் கறியையும் பார்த்து வாங்குங்கள். பலகையில் இருப்பது 100 கிராமுக்கான விலை. என்னோடு வந்தவர் ஒரு தட்டின் விலை என்று நினைத்துக் கேட்டார், பெரிய துண்டாக வெட்டி எடைபோட்டு நீட்டிவிட்டார்கள், வெட்டிய பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது வாரம் எங்கள் குழுவில் இன்னொருவர் வந்து சேர்ந்தார். வந்த அன்றே அதே பக்கத்தில் வேறொரு கடையில் 200 யூரோ மாற்றிவிட்டு, என்னமோ குறைகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கு போன் செய்தார். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது, நேரமும் அதில் அச்சாகியிருந்தது, 40 நிமிடம்தான் ஆகியிருந்தது. அவரைச் செலவு செய்யாமல் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு டிராம் பிடித்துப் போனேன். அங்கேயும் முதல் பதில் முடியாது என்பதுதான். நாங்கள் நகரவில்லை. மூன்று மணி நேர விதியைச் சொன்னோம், இந்தக் கடைகளைக் கண்காணிக்கிற செக் தேசிய வங்கியின் பக்கத்தை போனில் காட்டினோம், மறுத்தால் 158க்குப் போலீஸைக் கூப்பிடுகிறோம் என்று குரலை உயர்த்தாமல் சொன்னோம். கடைக்காரர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 200 யூரோவையும் எண்ணி வைத்தார்.

என் ரசீதைச் சேர்த்து நானும் தேசிய வங்கிக்குப் புகார் எழுதியிருக்கிறேன், பத்து நிமிடத்தில் திரும்பப் போய்க் கேட்டும் மறுத்தார்கள் என்று நேரத்தோடு குறிப்பிட்டு. பதில் இன்னும் வரவில்லை, வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.