அயர்லாந்தின் ஹாலோவீன், மெக்சிகோவின் இறந்தோர் நாள்
இரண்டு நாட்டிலும் இறந்தவர்கள் வீடு தேடி வருவதாக நம்பிக்கை. வரவேற்புதான் வேறு.

அயர்லாந்தின் பழங்குடிகளான கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய சௌவின் திருநாளில் வேர்கொண்டது ஹாலோவீன். அக்டோபர் 31 இரவில் அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றி ஆவிகளை விரட்டினார்கள். அவர்கள் அமெரிக்கா போனபிறகுதான் டர்னிப்புக்குப் பதில் பூசணிக்காய் வந்தது. அன்றைய ரொட்டி பார்ம்பிராக். உலர்திராட்சை போட்ட அதற்குள் ஒரு மோதிரம் ஒளிந்திருக்கும். கிடைத்தவருக்குச் சீக்கிரம் கல்யாணம்!

மெக்சிகோவில் விரட்டுவதில்லை, அழைக்கிறார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் செண்டுமல்லி இதழ்களால் பாதை போட்டு (அந்தப் பூவுக்குப் பூர்வீகமே மெக்சிகோதான்), படம் வைத்து, போனவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். எலும்பு வடிவம் பதித்த இனிப்பு ரொட்டியும் உண்டு.

எனக்கு மெக்சிகோதான் நெருக்கம். தாத்தாவுக்குப் பிடித்த வடையை இலையில் வைத்துக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.