1944ஐ நேரில் காட்டும் கூடம்

வர்ஜீனியா மாநிலத்து ஃபோர்ட் பெல்வாரில், 2020 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்ட அமெரிக்கத் தரைப்படையின் தேசிய அருங்காட்சியகம் 1775 முதலான வரலாற்றைச் சொல்கிறது என்றாலும், இரண்டாம் உலகப் போர் நடந்த 1944 என்னும் ஒரே ஆண்டின் பொருள்களுக்காகவே அங்கே செல்லலாம்.

ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிக் கரைக்கு வீரர்களைக் கொண்டு சேர்த்த ஹிக்கின்ஸ் படகு அங்கே இருக்கிறது. பெரும்பகுதி ஒட்டுப்பலகையால் ஆனது, முன்கதவு மட்டும் எஃகு. அதன் அருகே நிற்கும்போதுதான், அந்த வீரர்களுக்கு எவ்வளவு குறைந்த பாதுகாப்பு இருந்தது என்பது உறைக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பே ரோம் நகரை அடைந்த வீரர்களின் சாதனை, இந்தப் படையிறக்கத்தின் நிழலில் மறைந்துபோனது எனக்கு என்றும் வருத்தமே.

என்னை மிகவும் நெகிழ வைத்தது 'கோப்ரா கிங்' என்ற ஷெர்மன் டாங்கி. டிசம்பர் 16 அன்று தொடங்கிய ஜெர்மானியத் தாக்குதலில் பெல்ஜியத்தின் பஸ்தோன் நகருக்குள் சுற்றிவளைக்கப்பட்ட அமெரிக்க வீரர்களை, 26ஆம் தேதி, முற்றுகையை உடைத்து முதலில் சென்றடைந்தது இதுதான். பின்னர் ஜெர்மனியிலுள்ள ஒரு படைத்தளத்தில், இன்ன டாங்கி என்று எவரும் அறியாமல் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக நின்றிருக்கிறது.

நுழைவாயிலருகே உயர்ந்து நிற்கும் எஃகுத் தூண்களில் தனித்தனி வீரர்களின் முகங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை நிதானமாகப் படித்த பிறகே உள்ளே செல்லுங்கள். அனுமதி இலவசம்.