கத்தியா, கத்தரியா, நூல்வெட்டியா?

ஸ்கூபா (காற்றுக்கலனோடு கடலுக்குள் இறங்குவது) என்றாலே கெண்டைக்காலில் பெரிய கத்தி கட்டிய ஆள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். படத்துக்கு அழகுதான். ஆனால் கடலுக்கடியில் கத்தி சுறாவை விரட்ட அல்ல. பாறையிலும் மூழ்கிய கப்பலிலும் சிக்கிக் கிடக்கும் தங்கூசி என்ற நைலான் மீன்பிடி நூலையும் செவுள் வலையையும் அறுக்க. மெல்லிய தங்கூசி கலங்கல் நீரில் கிட்டே போகும்வரை தெரியாது.

கத்தியால் அறுக்க நூல் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்த வலை வழுக்கிக்கொண்டே போகும். ஒரு கையால் இழுத்துப் பிடித்து மறு கையால் அறுக்க வேண்டும். தடித்த கயிற்றுக்குப் பல் வைத்த கத்தி நல்லது. வாங்குவதானால் மொட்டை முனையாக வாங்குங்கள். கூர்முனை உங்கள் பிசிடியையே, அதாவது காற்றடைத்த மிதவைச் சட்டையையே, குத்திவிடலாம். 316 ரக எஃகு சுலபத்தில் துருப்பிடிக்காது, கூர்தான் நிற்காது. 420 நேர் எதிர். டைட்டானியம் துருவே பிடிக்காது, விலைதான் கடிக்கும்.

நூல்வெட்டியில் பிளேடு ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும். நூலை மாட்டி இழுத்தால் போதும், விரலுக்குப் பயமில்லை. பள்ளத்துக்குள் நுழையாத கயிறு வந்தால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் துணி வெட்டும் மொட்டை முனைக் கத்தரி மலிவு. தொய்ந்த நூலையும் ஒரே கையால் வெட்டும், மெல்லிய கம்பியையும் ஒரு கை பார்க்கும். நடு ஆணி துருவேறி இறுகுவதுதான் தொல்லை. நல்ல தண்ணீரில் அலசி, சிலிக்கான் கிரீஸ் தொட்டு, ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் திறந்து மூடிப் பாருங்கள்.

எதை வாங்குகிறோம் என்பதைவிட எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். ஆழம் கூடக் கூட நியோப்ரீன் (நுரை ரப்பர்) உடை அழுந்தி மெலியும். மேலே இறுக்கிக் கட்டிய கெண்டைக்கால் வார் கீழே தொளதொளக்கும். வெளிப்பக்கம் கட்டினால் உறையே வலையில் மாட்டும். கால் சிக்கிய நேரத்தில் அங்கே குனிந்து எடுப்பதும் லேசல்ல. என் தேர்வு: இடது தோள்வாரில் நூல்வெட்டி, இடுப்புவாரில் நடுப்பக்கமாகக் கத்தரி. இரண்டையும் எந்தக் கையாலும் எட்ட முடிய வேண்டும். கரையிலேயே கையுறை போட்டு, கண்ணை மூடி எடுத்துப் பார்த்துவிடுங்கள். நழுவாமலிருக்க நீளக் கயிறு கட்டாதீர்கள், அது சிக்க இன்னொரு கயிறு. சின்ன எலாஸ்டிக் போதும்.

அப்புறம், விமானத்தில் போகிறவர்கள் இவற்றை உறையோடு செக்-இன் பெட்டியில் வைத்துவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையிலேயே பறிபோகும்.