காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு: பழம்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு

காரைக்குடியில் பழம்பொருள் என்றால் முனீஸ்வரன் கோவில் தெருதான். எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, நிலைக்கதவு, ரவிவர்மா படம் எல்லாம் இங்கே உண்டு. சரக்கு பெரும்பாலும் சுற்றுவட்டார நகரத்தார் வீடுகளிலிருந்து வருவது. அந்த வீடுகளை எழுப்பிய பணத்தில் பெரும்பகுதி பர்மா வட்டித்தொழிலில் சம்பாதித்தது. 1942-ல் ஜப்பான் படை அங்கே நுழைந்ததும் அந்த வரும்படி அடிபட்டது. வீடோ பங்காளிகள் பலருக்குப் பொது. பராமரிப்புச் செலவுக்கு ஆளில்லாமல் போனால் பிரித்து விற்றுவிடுகிறார்கள்.

அதனால் விலை பேசுமுன் ‘எந்த ஊர் வீட்டுச் சரக்கு?’ என்று கேளுங்கள். தூண், கதவு மாதிரிப் பெரிய சாமான் என்றால், பங்காளிகள் எல்லோரும் சம்மதித்து விற்றதா என்பதும் தெரியவேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடலாம். பாத்திரங்களில் விளிம்பை ஒட்டிப் பொடிப்பொடிப் புள்ளியாக வெட்டிய விலாசம் இருக்கும்: குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். பளபளப்புக்காக மெஷினில் பாலிஷ் போட்டால் முதலில் தேய்வது அதுதான். கறுத்துப்போன பாத்திரமாகவே வாங்கிப் புளி போட்டுத் தேய்ப்பது மேல். புளிப்பான சமையலுக்கு என்றால் வெள்ளீயம் பூசிய பிறகே.

இந்தத் தெருவில் நம்பி வாங்கக்கூடியது எனாமல். அடியைத் திருப்பிப் பாருங்கள். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918-க்கு முந்தையது அல்ல, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. விளிம்பு பெயர்ந்து துரு ஏறியதைத் தவிருங்கள். பழைய பூச்சில் காரீயமும் காட்மியமும் இருக்கக்கூடும் என்பதால் அலமாரியோடு சரி, சாப்பாட்டுக்கு வேண்டாம்.

படங்களில்தான் ஏமாற்று அதிகம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய கல்லச்சுப் படத்தில் (லித்தோ) மணல் தூவியதுபோல ஒழுங்கற்ற பொடிப்புள்ளி தெரியும். வரிசை பிசகாத புள்ளி என்றால் அண்மைக்கால ஆஃப்செட் நகல். சட்டம் மட்டும் பழசாக இருக்கும்.

நூறு வருஷம் தாண்டிய சிலை, ஓவியம் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும், கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ‘கோயில் சிலை, குறைச்சுத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால் பேச்சையே வளர்க்காதீர்கள்.

கதவு வாங்கினால் நிலையோடு சேர்த்து வாங்குங்கள். பழைய கதவுக்குக் கீல் கிடையாது, மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் முளையில், அதாவது குடுமியில், சுழலும். தனிக் கதவை வாங்கிப்போனால் ஆசாரி குடுமியை அறுத்துவிட்டுக் கீல் அடிப்பார். இந்தக் கனத்துக்குச் சாதாரணக் கீல் தாங்காது, கதவு தொங்கித் தரையில் உரசும். தட்டும்போது துளைகளிலிருந்து வெளிர்மாவு புதிதாக உதிர்ந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. தேக்காக இருந்தாலும் ஓரத்து வெள்ளைக் கட்டையை அது விடாது.