சீமைக்கருவேலம் அடுத்து எங்கே? வேலூருக்கு எந்தக் கணக்கு உதவும்

பாலாற்றில் சீமைக்கருவேலம் எவ்வளவு மண்டிக் கிடக்கிறது என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இனி எங்கெல்லாம் பரவும்? அதைக் கணிக்க இரண்டு வகைக் கணித மாதிரிகள் உண்டு.

ஒன்று மேக்ஸென்ட். 2006-இல் பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷபைர் ஆகியோர் வெளியிட்ட முறை. செடி தென்பட்ட இடங்களையும், அங்குள்ள வெப்பம், மழை அளவுகளையும் கொடுத்தால், அதே சூழல் வேறு எங்கே உண்டு என்று வரைபடமாகக் காட்டும். இலவசம், சாதாரண லேப்டாப்பே போதும். ஆனால் சீமைக்கருவேலம் வெயிலும் வறட்சியும் தாங்கும் மரம். நம் சமவெளி முழுவதும் அதற்கு ஏற்ற இடமாகத்தான் வரும். எல்லா ஊரும் ஆபத்து என்று சொல்லும் வரைபடத்தை வைத்து ஓர் ஊராட்சி எந்த ஏரியில் முதலில் வெட்டும்? பதிவுகள் பெரும்பாலும் சாலையோரத்தில் எடுக்கப்பட்டவையாக இருந்தால், கணிப்பும் சாலைப் பக்கமே சாயும்.

இன்னொன்று பரவல் சமன்பாடு. 1951-இல் ஸ்கெல்லம் என்ற புள்ளியியலாளர், ஐரோப்பாவில் பரவிய கஸ்தூரி எலியை வைத்து இதை விளக்கினார். பரவிய பரப்பின் வர்க்கமூலம் ஆண்டுக்கு ஆண்டு நேர்கோட்டில் ஏறியது; அதாவது எல்லை ஒரே வேகத்தில் நகர்ந்தது. பெருகும் வீதம், சிதறும் அளவு இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து இரட்டித்தால் எல்லை நகரும் வேகம் கிடைக்கும். இதிலிருந்து ஒரு கசப்பான உண்மை தெரிகிறது: வேகத்தைப் பாதியாக்க, பெருக்கத்தைக் கால்பங்காகக் குறைக்க வேண்டும். அரைகுறையாக வெட்டினால் போதாது.

இதிலும் குறை உண்டு. எல்லை மெல்ல மெல்ல நகரும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. இனிப்பான காயை ஆடுமாடுகள் தின்னும், விதை சாணத்தில் முளைக்கும். செவ்வாய்தோறும் கூடும் பொய்கை மாட்டுச் சந்தையில் கைமாறும் மாடு லாரியில் ஏறினால், விதையும் பல மைல் தாண்டிவிடும். அதனால் இந்த நீண்ட தாவல்களைச் சேர்த்த பரவல் மாதிரிதான் என் தேர்வு. மாடு எந்த ஊருக்குப் போகிறது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. சந்தைத் தரகர்களைக் கேட்கத்தான் வேண்டும். வேலை அதிகம். இருந்தாலும் முதலில் காவல் வைக்க வேண்டிய ஏரி, கால்வாய்களை அது வரிசைப்படுத்தித் தரும்.

ஜவ்வாது மலையில் உண்ணிச்செடிக்கு நிலைமை வேறு. அங்கே ஏற ஏற வெப்பம் மாறுவதால் மேக்ஸென்ட்டுக்கு நல்ல வேலை இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்த வழக்கமான தட்பவெப்பத் தரவில் பள்ளமும் முகடும் ஒரே சராசரியாகிவிடும். 30 மீட்டர் கட்டங்களாக நிலத்தின் உயரத்தைச் சொல்லும் தரவையும் சேர்த்து மேக்ஸென்ட்டை ஓட்டலாம், பறவைகள் விதை பரப்பும் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.