பத்தாவதுக்கு அப்புறம் ப்ளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா?

ப்ளஸ் ஒன் போனா டாக்டர், வக்கீல், சிஏ, ஆர்ட்ஸ்னு எல்லா கதவும் திறந்தே இருக்கும், ஆனா குரூப் எடுக்குறப்பவே பாதி முடிவாயிடும். பாலிடெக்னிக்னா 3 வருஷம், கையில டிப்ளமோ, வேலைக்கும் போகலாம், இல்ல லேட்டரல் என்ட்ரில நேரா பி.இ. செகண்ட் இயர் சேரலாம், கூட்டிப் பாத்தா டிப்ளமோ 3 + பி.இ. 3, அந்தப் பக்கம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ 2 + பி.இ. 4, ரெண்டும் 6 வருஷந்தாங்க, இத நிறைய பேரு கணக்கே பண்றதில்ல! மெஷின், வயரிங்னு நோண்டிட்டே இருக்குற பிள்ளைக்கு என் ஓட்டு பாலிடெக்னிக்தான். என்ன பிடிக்கும்னே தெரியலன்னா ப்ளஸ் ஒன். ஆனா மார்க் கம்மி, கணக்கு வராதுன்னு பாலிடெக்னிக்ல தள்ளிவிடாதீங்க, ஃபர்ஸ்ட் இயர்லயே மேத்ஸ், பிசிக்ஸ் ரெண்டும் இருக்கு.